‘போட மறந்தார்’: போபால் டாங்க் 610, ஒரு தகடு, ஒரு சண்டை

பிளேஞ்ச் பாண்டி | 3 டிசம்பர் 2025, காலை 7.40

நேத்து ராத்திரி தரமணி இளங்கோ தம்பி ஒரு நீளமான பதிவு போட்டிருக்காரு. 1984ல போபால்ல யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையோட டாங்க் 610ல தண்ணி புகுந்து, எம்.ஐ.சி.ங்கிற (மெத்தில் ஐசோசயனேட்) விஷவாயு ஊருக்குள்ள கசிஞ்சதைப் பத்தி. நகரத்துல பிறந்து வளர்ந்த அவர் தலைமுறைக்கு போபால் என்ன அர்த்தம்னு எழுதியிருக்காரு. நடை நல்லா இருக்கு, அதுல குறை இல்ல. நடுவுல வர்ற ஒரு இடம்தான் ராத்திரி தூங்க விடல. அப்படியே எடுத்துப் போடுறேன்:

“1984 டிசம்பர் 2 இரவு, குழாயைக் கழுவிய ஒரு தொழிலாளி ஒரு தகட்டைப் போட மறந்தார். அந்த மறதியில் ஒரு நகரமே மூச்சுத் திணறிச் செத்தது. 41 ஆண்டு கழித்தும் போபால் நமக்குச் சொல்வது இதுதான்: அவரவர் வேலையை அவரவர் கவனமாகச் செய்ய வேண்டும்.”

மறந்தாரா? யாரு மறந்தா? எந்தத் தகடுன்னு தெரியுமா தம்பிக்கு?

அது பிளைண்ட் தகடு. ஒரு லைனைக் கழுவணும்னா வால்வை மூடினா மட்டும் பத்தாது. கழுவின லைன் வழியா அரிக்கிற சரக்கு வருஷக்கணக்கா ஓடினா வால்வோட சீட்டு தேஞ்சு லேசா விடும். அதனால வால்வை மூடிட்டு, பக்கத்து பிளேஞ்ச்ல (ரெண்டு குழாய் சேர்ற வளையத்துல) போல்ட்டைத் தளர்த்தி, ரெண்டு முகத்துக்கும் நடுவுல வட்டமா ஒரு இரும்புத் தகடு, அதுக்கு ரெண்டு பக்கமும் கசிவைத் தடுக்கிற கேஸ்கெட், திரும்ப எதிரெதிர் போல்ட்டா மாத்தி மாத்தி முறுக்கணும். கைப்பிடி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும், தகடு உள்ள இருக்குன்னு தூரத்துல நின்னே தெரியட்டும்னு. பர்மிட்ல எந்த இடம், எத்தனை தகடுன்னு எழுதணும். வேலை முடிஞ்சு எண்ணி எடுக்கணும்.

இதைச் செய்யறது மெயின்டனன்ஸ் ஆள். தண்ணிக் குழாயைத் திறக்கிற ஆபரேட்டர் இல்ல. அன்னைக்கு ராத்திரி 9.30 வாக்குல தண்ணியைத் திறந்தவரு ஆபரேட்டர். அந்த ஷிப்டுக்கு இருந்த மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் பதவியையே நவம்பர் கடைசியில நிர்வாகம் எடுத்திருச்சு. இல்லாத ஆளு எப்படி மறப்பாரு?

அந்த ‘மறந்தார்’ங்கிற சொல்லை எடுங்க தம்பி.

தரமணி இளங்கோ | காலை 9.05

பாண்டி அண்ணே, படித்ததற்கு நன்றி. நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. சென்னையில் பதினான்காவது மாடியில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஆலை என்றால் தூரத்தில் தெரியும் புகை. அந்தப் புகைக்கும் நமக்கும் நடுவில் நிற்பது யாரோ ஒருவரின் கவனம்தான் என்று சொல்ல வந்தேன். தகடு அதற்கு ஒரு உருவகம்.

பிளேஞ்ச் பாண்டி | காலை 9.21

தகடு உருவகம் இல்ல தம்பி. தகடு தகடுதான். இரும்பு. அதைப் போடுற ஆளைக் குறைச்சாங்க. எம்.ஐ.சி. யூனிட்ல ஒரு ஷிப்டுக்கு 12 ஆள் இருந்த இடத்துல 6 ஆள். இதை எழுதாம கவனம், மறதின்னு எழுதினா பழி கடைசி ஆள் தலையில விழும். கார்பைடு கம்பெனிக்கு 40 வருஷமா அதுதான் வேணும்.

கணக்கு சுந்தரம் | காலை 11.48

இரண்டு பேரும் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தகடு போட்டாரா, மறந்தாரா, யார் போட வேண்டும் என்பதெல்லாம் தேவையற்ற கேள்வி. தண்ணீர் அந்த வழியில் போகவே இல்லை.

ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனத்தின் அசோக் கலேல்கர் 1988 மே மாதம் லண்டனில் படித்த கட்டுரையின் கணக்கு இது. கழுவிய இடத்தில் இருந்து டாங்க் 610 வரை நீளமான குழாய். நடுவில் பல வால்வுகள். டாங்க்குக்குப் போகும் குழாய்க்குள் ஏற, தண்ணீர் 10 அடிக்கு மேல் உயர வேண்டும். கழுவிய இடத்தில் அரை அங்குல பிளீடர்கள் (வடிகால் திறப்புகள்) மூன்று திறந்து தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டிருந்தன. திறந்த வாய் மூன்று இருக்கும்போது பின்னழுத்தம் ஒரு அடி உயரத்துக்குக்கூட வராது. 10 அடி எங்கே, ஒரு அடி எங்கே?

மேலும், 1985 பிப்ரவரியில் அந்த வென்ட் (வாயு வெளியேற்றும்) குழாயின் தாழ்வான இடத்தில் துளை போட்டுப் பார்த்தார்கள். உள்ளே காய்ந்து கிடந்தது. அந்த வழியாகத் தண்ணீர் போயிருந்தால் ஆயிரக்கணக்கான பவுண்டு தண்ணீர் குழாயிலேயே நின்றிருக்க வேண்டும்.

ஆகவே டாங்க்கில் நேரடியாக ஹோஸ் மாட்டித்தான் தண்ணீர் விடப்பட்டது. 610இன் மேலிருந்த பிரஷர் கேஜ் கழற்றப்பட்டிருந்ததாகவும், பக்கத்தில் தண்ணீர் ஓடும் ரப்பர் ஹோஸ் கிடந்ததாகவும் அந்தக் கட்டுரை சொல்கிறது. உணர்ச்சி வேறு, கணக்கு வேறு.

பிளேஞ்ச் பாண்டி | மதியம் 12.10

வந்துட்டாரு. கலேல்கருக்குக் கூலி கொடுத்தது யாரு சுந்தரம் சார்? கார்பைடு. அதைச் சொல்ல மறந்துட்டீங்க. (மறந்தார்னு இங்கதான் எழுதணும்.)

சரி, கணக்குக்கே வர்றேன். பிளீடர் மூணு திறந்திருந்துச்சுங்கறீங்க. திறந்திருக்கிறது வேற, தண்ணி தாராளமா ஓடுறது வேற. அதே ஆபரேட்டர்கள் சொன்னதுதான்: பிளீடர் அடைச்சு, தண்ணி சரியா வரலன்னு நிறுத்தினாங்க, திரும்ப விடச் சொன்னாங்க. அரை இஞ்ச் ஓட்டையில துரு செதிலும் எம்.ஐ.சி. கெட்டியாகி வர்ற வெள்ளை உப்பும் சேர்ந்தா என்ன ஆகும்? வாய் சுருங்கும், பின்னாடி பிரஷர் ஏறும். உங்க ஒரு அடி கணக்கு புதுக் குழாய்க்கு. அது துருப்பிடிச்ச கார்பன் ஸ்டீல் குழாய்.

அடுத்தது ஜம்பர் லைன். 1984 மே மாசம் ரிலீஃப் வென்ட் ஹெடர், பிராசஸ் வென்ட் ஹெடர்ங்கிற ரெண்டு பொது வாயுக் குழாயையும் ஒரு ஜம்பர் (இணைப்புக் குழாய்) போட்டு இணைச்சாங்க. ரிப்பேர் நேரத்துல ஒண்ணு நின்னா இன்னொண்ணு வழியா போகட்டும்னு. அதுவரைக்கும் தண்ணி போக வழியில்லாத இடத்துக்கு அன்னைக்குத்தான் வழி கிடைச்சுது. கலேல்கர் கட்டுரையில ஜம்பரைப் பத்தி எத்தனை வரி?

மூணாவது. அக்டோபர் மூணாவது வாரத்துல இருந்து 610ல நைட்ரஜன் பிரஷர் நிக்கவே இல்ல. நவம்பர் 30ந் தேதி திரும்ப ஏத்திப் பார்த்தாங்க, நிக்கல. நைட்ரஜன் நிக்கலன்னா என்ன அர்த்தம்? டாங்க்ல எங்கயோ ஒரு வால்வு விடுது. வாயு வெளிய போற வழியில தண்ணி உள்ள வரும். மேல இருந்து அழுத்த நைட்ரஜனும் இல்ல. இதைத்தான் பிளைண்ட் தகடு தடுத்திருக்கும்.

கணக்கு சுந்தரம் | மதியம் 12.52

கூலி கொடுத்தது யார் என்று பார்த்து ஈர்ப்பு விசையின் கணக்கு மாறாது, பாண்டி. தண்ணீர் மேல்நோக்கி ஓட ஜம்பர் லைன் போதாது, அழுத்தம் வேண்டும். 10 அடி. அந்த ஒரு எண்ணுக்குப் பதில் சொல்லுங்கள்.

ரேவதி க. | மதியம் 2.15

மன்னிக்கணும், ரெண்டு பேரும் தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னே நாளைக் கழிக்கிறீங்க. தண்ணி வந்தப்புறம் என்ன ஆச்சுன்னு ஒரு தடவை கணக்குப் போடலாமா?

டாங்க்ல இருந்தது சுமார் 42 டன். 1985 டிசம்பர்ல வந்த, இந்திய அரசு விஞ்ஞானிகளோட வரதராஜன் குழு அறிக்கை உள்ள போன தண்ணி 500 கிலோன்னு சொல்லுது. கார்பைடு அறிக்கை 1,000 முதல் 2,000 பவுண்டுன்னு. கிட்டத்தட்ட ஒரே அளவு. 500 கிலோ தண்ணி நேரடியா எத்தனை எம்.ஐ.சி.யோட சேரும்? ஒரு மூலக்கூறு தண்ணிக்கு ரெண்டு மூணு மூலக்கூறு எம்.ஐ.சி. அப்போ 3 முதல் 5 டன்தான். மீதி 37 டன்னுக்கு என்ன ஆச்சு?

அதுல வந்த சூடு மீதியைக் கொதிக்க வெச்சுது. எம்.ஐ.சி. 39 டிகிரியிலயே கொதிக்கும். சூடு ஏறினதும் அது தனக்குத்தானே சேர ஆரம்பிக்கும், மூணு மூணா. அதுக்குத் துரு இரும்பே தூண்டுகோல். 610ல குளோரோபார்ம் 12 முதல் 16 சதவீதம்னு கண்டாங்க, அளவு அரை சதவீதம்தான் இருக்கணும். சூட்டுல குளோரோபார்ம் எஃகை அரிச்சு இரும்பைக் கரைச்சுது. டாங்க் 200 டிகிரியைத் தாண்டுச்சு.

இப்போ கேள்வி: அந்த சரக்கு 0 டிகிரியில இருந்திருந்தா? 30 டன் குளிர்பதன எந்திரம் இருந்துச்சு. 1984 ஜூன்ல அதை நிறுத்தி, அதுல இருந்த குளிர்வாயு ஃபிரியானையும் வடிச்சு எடுத்துட்டாங்க. அதனால டாங்க் 15, 20 டிகிரியில கிடந்துச்சு. 11 டிகிரி தாண்டினா அடிக்க வேண்டிய அலாரம் அப்புறம் எதுக்கு? சும்மா அடிச்சுக்கிட்டே இருக்கும்னு அதையும் எடுத்தாச்சு.

ஹோஸ் வழியா வந்தாலும் சரி, ஹெடர் வழியா வந்தாலும் சரி, குளிர்ந்த டாங்க்ல இதே 500 கிலோ மெதுவா வேலை செய்திருக்கும், அலாரம் பல மணி நேரம் முன்னாடி அடிச்சிருக்கும்.

பிளேஞ்ச் பாண்டி | மதியம் 2.31

ரேவதி அக்கா, நீங்க சொல்றது அத்தனையும் சரி. ஆனா தகடு இருந்தா தண்ணியே வந்திருக்காதே. ஆரம்பத்துலயே நின்னிருக்கும்.

ரேவதி க. | மதியம் 2.36

திரும்பவும் தகடா.

கணக்கு சுந்தரம் | மதியம் 2.50

ரேவதி அம்மா, உங்கள் கணக்கில் தவறு இல்லை. ஆனால் ஒன்று. வெறுப்பில் ஒருவர் தண்ணீர் விட்டார் என்றால், எந்தக் குளிர்பதனமும் மனித நோக்கத்தைத் தடுக்காது.

ரேவதி க. | மாலை 3.04

நோக்கத்தைத் தடுக்காது. 42 டன்னை ஊருக்குள்ள போகாமத் தடுக்கும். அதுக்குத்தானே அத்தனை பாதுகாப்பு சாதனமும் கட்டினாங்க? ஒவ்வொண்ணா பாருங்க.

ஸ்க்ரப்பர்: காஸ்டிக் சோடாவுல வாயுவைக் கழுவுற கோபுரம். அது வடிவமைக்கப்பட்டது மணிக்கு நூறு கிலோவுக்கும் குறைவான ஆவிக்கு. அன்னைக்கு வந்தது ரெண்டு மணி நேரத்துல சுமார் 40 டன். முழு வேகத்துல ஓடியிருந்தாலும் தாங்காது. அப்படிப்பட்டதை ஸ்டாண்ட்பையில வெச்சிருந்தாங்க.

ஃபிளேர் (வாயுவை எரிக்கிற கோபுரம்): மிச்சத்தை எரிக்கணும். அதுக்குப் போற லைன்ல துருப்பிடிச்ச ஒரு துண்டைக் கழட்டி, மாத்துத் துண்டு வராம விட்டுட்டாங்க. ஒரு துண்டுக் குழாய் பாண்டி அண்ணே. உங்க தகடு மாதிரி அதுவும் ஒரு இரும்புத் துண்டுதான்.

தண்ணி பீரங்கி: 12 முதல் 15 மீட்டர் உயரம் எட்டுச்சு. வாயு வந்தது 30 மீட்டருக்கு மேல இருந்து.

டாங்க் 619: ஆபத்துன்னா பாதியை மாத்தறதுக்குக் காலியா இருக்கணும். காலியா இல்ல.

நெய்தல்மகன் | மாலை 4.40

இளங்கோவோட பதிவுல இன்னொரு தப்பு இருக்கு, யாரும் பார்க்கல. “3,787 உயிர்கள்”னு எழுதியிருக்கார். அது மத்தியப் பிரதேச அரசு உறுதிப்படுத்தின கணக்கு. அதுக்கு முந்தின அரசுக் கணக்கு 2,259. 2010 டிசம்பர்ல மத்திய அரசே உச்ச நீதிமன்றத்துல மறுசீராய்வு கேட்டுப் போட்ட மனுவுல 5,295. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல இறப்புக்குன்னு வழங்கப்பட்டது 15,000-க்கு மேல. மனித உரிமை அமைப்பு ஆம்னெஸ்டியோட 2004 அறிக்கை முதல் சில நாள்லயே 7,000-க்கு மேலன்னு சொல்லுது. ஒரு எண்ணைப் போட்டா அது எந்தக் கணக்குன்னும் போடணும்.

தரமணி இளங்கோ | மாலை 5.02

ஏற்றுக்கொள்கிறேன் நெய்தல் அண்ணே, “அரசுக் கணக்கின்படி” என்று சேர்த்துவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. நாம் எல்லோரும் ‘விபத்து’ என்கிறோமே, எது விபத்து, எது குற்றம் என்று முதலில் பிரித்துக்கொண்டு பேசினால் என்ன?

கணக்கு சுந்தரம் | மாலை 5.10

நெய்தல்மகனுக்கு எண்களில் இத்தனை அக்கறை வந்தது நல்லது. எண்ணூர் திரியில் இதே அக்கறையைக் காணோமே. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று நான் கேட்டதற்கு, “வந்து மோந்து பாருங்க” என்று பதில் எழுதினீர்கள்.

நெய்தல்மகன் | மாலை 5.22

ஆமா, எழுதினேன். பெரியகுப்பம், சின்னகுப்பம் சனம் பாதி ராத்திரியில பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடுறப்போ மைக்ரோகிராம் கேட்ட ஆளுக்கு வேற என்ன எழுதறது? இப்பவும் அதையேதான் எழுதுவேன்.

பிளேஞ்ச் பாண்டி | மாலை 5.40

எண்ணூரை அங்க பேசுங்க சாமி. இங்க தகடு.

சுந்தரம் சார், நீங்க 10 அடிக்குப் பதில் கேட்டீங்க, சொல்லிட்டேன்: அடைஞ்ச பிளீடர். இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. ஹோஸ் மாட்டினது ஒரு வெறுப்புப் பிடிச்ச தொழிலாளின்னா, எந்தக் கோர்ட்டுல கார்பைடு அதை நிரூபிச்சுது? அமெரிக்கக் கம்பெனி போபால் கிரிமினல் கோர்ட்டுக்கு வரவே இல்ல. 1992ல தலைமறைவுன்னு அறிவிச்சாங்க. கார்பைடு தலைவர் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7ந் தேதி கைதாகி அன்னைக்கே வெளிய வந்து நாட்டை விட்டுப் போனவரு, 2014ல அமெரிக்காவுல சாகுற வரைக்கும் திரும்பி வரல. கையில நிரூபணம் இருக்கிறவன் கோர்ட்டுக்கு ஓடி வருவானா, ஓடிப் போவானா?

கணக்கு சுந்தரம் | மாலை 6.15

வழக்குக்கு வராதது கோழைத்தனமாக இருக்கலாம். அதனால் தண்ணீர் 10 அடி ஏறிவிடாது. துளை போட்ட இடம் காய்ந்திருந்ததற்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பிளேஞ்ச் பாண்டி | மாலை 6.33

டிசம்பர்ல கசிஞ்சு, பிப்ரவரியில துளை போடுறாங்க. நடுவுல ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசத்துல மீதி எம்.ஐ.சி.யை சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பு) மேற்பார்வையில செவின் பூச்சிமருந்தா ஆக்கித் தீர்த்தாங்க, டிசம்பர் 16ல இருந்து. ‘ஆபரேஷன் ஃபெய்த்’னு பேரு. சனம் திரும்பவும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போச்சு. அதுக்கு ஆலையை ஓட்டினாங்க. ஓட்டினா நைட்ரஜன் ஓடும். ஓடின லைன் காயாம என்ன செய்யும்?

கணக்கு சுந்தரம் | மாலை 6.41

இது உங்கள் ஊகம். அந்தக் குறிப்பிட்ட லைனில் நைட்ரஜன் ஓடியது என்பதற்கு ஆவணம்?

பிளேஞ்ச் பாண்டி | மாலை 6.44

ஹோஸ் மாட்டினதைப் பார்த்ததுக்கு ஆவணம்? டீ கொடுத்த பையன் “எல்லாரும் ஒரு மாதிரி இருந்தாங்க”ன்னு சொன்னதுதானே உங்க கட்டுரையில இருக்கிற பெரிய சாட்சி? பிளேஞ்சுக்கு ஆவணம் கேக்குறவரு அதுக்கும் கேட்டிருக்கணும்.

இன்னொண்ணு. அடிப்படை விஷயம். ஒருத்தன் கேஜைக் கழட்டி ஹோஸை மாட்டி 500 கிலோ தண்ணியை விட முடிஞ்சுதுன்னே வெச்சுக்குவோம். நைட்ரஜன் அழுத்தத்துல இருக்கிற டாங்க்ல கேஜைக் கழட்டினா வாயு முகத்துல அடிக்கும். எம்.ஐ.சி.யை மோந்தவன் நின்னு ஹோஸை முறுக்குவானா? அது முடியணும்னா டாங்க்ல பிரஷர் இருந்திருக்கக் கூடாது. ஏன் இல்ல? ஒரு மாசத்துக்கு மேல நைட்ரஜன் நிக்கல. யாரும் சரி பண்ணல. உங்க கதைக்கே நாங்க சொல்ற கம்பெனிக் குத்தம்தான் கதவைத் திறந்து விடுது.

ரேவதி க. | இரவு 7.20

இதைத்தான் மதியத்துல இருந்து நானும் சொல்றேன், வேற வார்த்தையில.

பிளேஞ்ச் பாண்டி | இரவு 7.24

நீங்க ஃபிரிட்ஜைச் சொன்னீங்க அக்கா. நான் நைட்ரஜனைச் சொல்றேன்.

தரமணி இளங்கோ | இரவு 8.02

என் கட்டுரையின் கடைசிப் பகுதியை ஒருவர்கூடத் தொடவில்லை. 40 ஆண்டு அங்கேயே கிடந்த கழிவைப் பற்றி எழுதியிருந்தேன். 2025 ஜனவரி முதல் வாரம் 12 கண்டெய்னர்களில் 337 டன், 250 கிலோமீட்டர் தாண்டி பீதம்பூருக்கு. பிப்ரவரி கடைசியில் சோதனையாக எரிக்கத் தொடங்கி ஜூன் முடிவுக்குள் அத்தனையும் எரித்தாயிற்று. அங்கே எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று போராட்டம் நடந்தது. நகரத்து ஆள் என்ற முறையில் என்னை உறுத்துவது அதுதான். ஒரு ஊரின் நஞ்சு தீர வேண்டுமென்றால் இன்னொரு ஊர் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

நெய்தல்மகன் | இரவு 8.15

தீர்ந்ததுன்னு யார் சொன்னது? 337 டன்னு சாக்குல கட்டி ஷெட்டுல வெச்சிருந்தது மட்டும்தான். ஆலைக்குள்ள புதைச்சது, வெளிய இருந்த ஆவியாக்கும் குளத்துல ஊறினது, நிலத்தடி நீர்ல இறங்கினது அப்படியே இருக்கு. எரிச்சா சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்து எடை கூடித்தான் வரும், அதையும் ஒரு இடத்துல புதைக்கணும். “அத்தனையும் எரித்தாயிற்று”ங்கிறது அரசாங்கத்தோட வாக்கியம் தம்பி.

தரமணி இளங்கோ | இரவு 8.21

ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் வந்து அடிக்கிறீர்கள். எழுதவே கூடாது போல.

பிளேஞ்ச் பாண்டி | இரவு 8.26

எழுதுங்க தம்பி. ‘மறந்தார்’ மட்டும் வேண்டாம்.

கணக்கு சுந்தரம் | இரவு 8.50

இளங்கோ, அவர் மிரட்டுகிறார் என்று எதையும் மாற்றாதீர்கள். ‘மறந்தார்’ என்பதும் பிழைதான், ஆனால் பாண்டி சொல்லும் காரணத்துக்காக அல்ல. தகடு போட்டிருந்தாலும் இது நடந்திருக்கும் என்பதே காரணம். நோக்கத்துடன் செய்யப்பட்டது.

பிளேஞ்ச் பாண்டி | இரவு 8.58

ஆக ரெண்டு பேரும் அந்தச் சொல் பிழைன்னு ஒத்துக்கிட்டோம். எடுங்க தம்பி.

கணக்கு சுந்தரம் | இரவு 9.01

நான் உங்களோடு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

ரேவதி க. | இரவு 9.30

ஒண்ணு கேக்கறேன் சுந்தரம் சார். 10.20க்கு டாங்க் பிரஷர் 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு). 10.45க்கு ஷிப்ட் மாறுது. 11 மணிக்கு 10 பி.எஸ்.ஐ. புது ஷிப்ட் ஆளு அதைப் பார்த்து, 2க்கும் 25க்கும் நடுவுல இருக்கிறது வழக்கம்தானேன்னு விட்டார். முந்தின ஷிப்ட் 2ன்னு எழுதினதை அவர் பார்த்திருந்தா நாற்பது நிமிஷத்துல அஞ்சு மடங்குன்னு தெரிஞ்சிருக்கும். 11.30க்குக் கண் எரிச்சல் ஆரம்பிக்குது. கசிவு எங்கன்னு கண்டுபிடிக்க அங்க இருந்த கருவி என்ன தெரியுமா? ஆட்களோட கண்ணு. கண்ணு எரிஞ்சா கசிவு. அதுக்கும் டீக்கு அப்புறம் பார்க்கலாம்னு விட்டாங்க. 12.30 தாண்டினதும் 40 பி.எஸ்.ஐ.யில கிழியற ரப்ச்சர் டிஸ்க் கிழிஞ்சு, ஸேஃப்டி வால்வு திறந்துடுச்சு.

இதுல எது உங்க நோக்கம்? ஒரு மணி நேரம் இருந்துச்சு. ஊருக்கு ஒலிக்க வேண்டிய வெளிச் சங்கை சில நிமிஷத்துல நிறுத்திட்டாங்க. சங்கு ஒலிச்சு, ஈரத் துணியை முகத்துல கட்டு, காத்துக்குக் குறுக்கால நட, ஓடாதேன்னு யாராவது சொல்லியிருந்தா? எம்.ஐ.சி. காத்தைவிட ரெண்டு மடங்கு கனம், தரையோடதான் வரும். ஜே.பி. நகர்ல, காஜி கேம்ப்ல சனம் வாயுவோட திசையிலயே ஓடுச்சு. ஓடினா மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா கூட உள்ள போகும். குள்ளமான பிள்ளைகள் அதிகமா செத்ததுக்கு ஒரு காரணம் அது. எந்த வாயுன்னு ஹமீதியா ஆஸ்பத்திரி டாக்டருங்களுக்கே சொல்லல.

கணக்கு சுந்தரம் | இரவு 9.48

இவை எல்லாம் விளைவைப் பெரிதாக்கிய காரணங்கள். தொடக்கக் காரணம் வேறு. நான் தொடக்கத்தைப் பேசுகிறேன்.

பிளேஞ்ச் பாண்டி | இரவு 9.53

நானும் தொடக்கத்தைத்தான் பேசறேன். தகடு.

மட்டுறுத்துநர் | இரவு 10.05

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். எண்ணூர் பேச்சை அந்தத் திரிக்குக் கொண்டுபோகவும். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நெய்தல்மகன் | இரவு 10.12

தாக்கினது நான் இல்லை. எண்ணூரை இழுத்தது யாருன்னு மேல போய்ப் பாருங்க.

தரமணி இளங்கோ | இரவு 10.40

திருத்திய வரி இது: “1984 டிசம்பர் 2 இரவு, குழாயைக் கழுவும்போது ஒரு தகடு போடப்படவில்லை.” இப்போது சரியா?

கணக்கு சுந்தரம் | இரவு 10.44

சரியில்லை. இப்போதும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வந்தது என்றே படிப்பவர் நினைப்பார்.

பிளேஞ்ச் பாண்டி | இரவு 10.51

சரியில்ல தம்பி. ‘போடப்படவில்லை’ன்னா யாரு போடல? மறந்தவரையாவது தேடலாம், இப்ப ஆளே இல்லாமப் போச்சு. “தகடு போடும் ஆளை நிர்வாகம் ஒரு வாரம் முன்பு குறைத்திருந்தது, தகடு இல்லை” அப்படின்னு எழுதுங்க. 2010 ஜூன் 7ந் தேதி தீர்ப்புல அந்த நிர்வாகத்துக்கு என்ன கிடைச்சுது? உயிரோட இருந்த ஏழு பேருக்கு ரெண்டு வருஷம், அன்னைக்கே ஜாமீன். 1996ல உச்ச நீதிமன்றம் குற்றப் பிரிவை இந்தியத் தண்டனைச் சட்டம் 304 இரண்டாம் பகுதியில (கொலை ஆகாத மரணம்) இருந்து 304ஏ ஆக்கினப்பவே அது முடிவாயிடுச்சு. 304ஏன்னா என்ன? கவனக்குறைவு. உங்க பதிவுல இருக்கிற அதே சொல்லு, ‘கவனம்’. அதனாலதான் நான் காலையில இருந்து கத்துறேன்.

ரேவதி க. | இரவு 11.02

இது காலையிலேயே சொல்லியிருந்தா நானும் உங்க பக்கம் நின்னிருப்பேன் அண்ணே. ஆனா தகட்டை விட்டுட்டு 304ஏவைச் சொல்லியிருக்கணும்.

பிளேஞ்ச் பாண்டி | இரவு 11.06

தகட்டை விட முடியாது அக்கா. தகட்டுலதான் 304ஏ ஆரம்பிக்குது.

கணக்கு சுந்தரம் | இரவு 11.15

10 அடி.

பிளேஞ்ச் பாண்டி | இரவு 11.16

அடைஞ்ச பிளீடர்.

கணக்கு சுந்தரம் | இரவு 11.20

மூன்றில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

பிளேஞ்ச் பாண்டி | இரவு 11.22

சொட்டிக்கிட்டிருந்துச்சா, கொட்டிக்கிட்டிருந்துச்சா? அளந்தது யாரு? நாளைக்குக் காலையில ஹெடர் படம் வரைஞ்சு போடறேன், ஜம்பர் எங்க, பிளீடர் எங்க, தகடு எந்த பிளேஞ்ச்ல வந்திருக்கணும்னு. அதுல உங்க 10 அடியைக் குறிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்.